டிடிஆர்5 6000 கிட்: எக்ஸ்போவோடு விடலாமா, டைமிங்கை இறுக்கலாமா, வேகமான ராம் வாங்கலாமா?

நடுத்தர பட்ஜெட்டில் கேமிங் பிசி கட்டும் பலர் கடைசியில் வந்து சேர்வது ஏறத்தாழ ஒரே செட்டுக்குத்தான்: ரைசன் 5 7600, ஒரு பி650 போர்டு, இரண்டு 16 ஜிபி ஸ்டிக் கொண்ட டிடிஆர்5 6000 கிட், 1080பி அல்லது 1440பி மானிட்டர். கேம் இன்னும் கொஞ்சம் வேகமாக, முக்கியமாகத் திக்காமல் ஓட வேண்டுமானால், ராம் பக்கம் நான்கு வழி இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டலாம். பயாஸில் எக்ஸ்போ ப்ரொஃபைலை (கிட் தயாரித்தவர் அதிலேயே பதித்து வைத்திருக்கும் வேக செட்டிங்) ஆன் செய்யலாம். எக்ஸ்போவுக்கு மேல் உள் டைமிங்குகளை, அதாவது ராம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கிளாக் எடுக்கலாம் என்ற எண்களை, கையால் இறுக்கலாம். அல்லது 6400, 8000 என்று எண் பெரிதாகப் போட்ட கிட்டை வாங்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் வழியில் இருப்பவர்கள் இன்றைக்கே இரண்டாவதுக்கு மாற வேண்டும். இரண்டாவதில் இருப்பவர்கள் மூன்றாவதுக்கு ஒரு வார இறுதியைச் செலவழித்தால் அது வீண் போகாது. நான்காவது வழி, பெரும்பாலானவர்களுக்குக் காசைக் கரைக்கும் வழி.

ஆனால் எதிலும் இறங்குமுன் ஒரு சோதனை. கேம் ஓடும்போது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற டூலில் ஜிபியு பயன்பாட்டைப் பாருங்கள். 97, 98 சதவீதத்திலேயே நின்றால், தடை கிராபிக்ஸ் கார்டில். ராமை என்ன செய்தாலும் எஃப்பிஎஸ் நகராது. 70, 80 என்று இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் (1080பியில் வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் இதுதான் வழக்கம்) ப்ராசஸர் டேட்டாவுக்காகக் காத்திருக்கிறது. அங்கேதான் ராம் டியூனிங்குக்குப் பலன். அந்தப் பலனும் சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) எண்ணில்தான் அதிகம் தெரியும். கண்ணுக்குத் திக்கல் என்று படுவது அந்த எண்தான்.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே

6000 என்று அச்சடித்த கிட்டை வாங்கிச் சொருகினால் அது 6000ல் ஓடாது. மெமரித் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரப்படி, பொதுவாக 4800 சிஎல்40ல் (சிஎல் என்பது கேட்ட டேட்டா வர ஆகும் கிளாக் எண்ணிக்கை), 1.1 வோல்ட்டில் எழுந்து வரும். 6000க்குக் காசு கொடுத்துவிட்டு மாதக்கணக்காக 4800ல் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் வேகம் தெரியும். சிபியு-இசட்டில் அதில் பாதிதான் காட்டும்: 4800 என்றால் 2400, 6000 என்றால் 3000. டிடிஆர் ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை டேட்டா அனுப்புவதால் அப்படி. கணக்குப் போட வேண்டியது அந்தப் பாதி எண்ணை வைத்துத்தான்.

சிஎல் எண்ணை அந்தப் பாதி எண்ணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் உண்மையான காத்திருப்பு நேரம் வரும். 4800 சிஎல்40 என்றால் 16.7 நானோ செகண்ட். 6000 சிஎல்36 என்றால் 12. 6000 சிஎல்30 என்றால் 10. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16க்கும் அதே 10தான். டிடிஆர்5க்கு மாறியும் எக்ஸ்போ போடாதவர், இந்த ஒரு விஷயத்தில் பழைய மெஷினைவிடப் பின்னால் இருக்கிறார்.

ஸ்லாட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2. ஒரே ஸ்டிக்கில் ஓட்டினால் பாதிப் பாதை அடைபட்டுக் கிடக்கும். அந்த இழப்பை எந்த டைமிங்கும் ஈடு செய்யாது.

எக்ஸ்போ

பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை ஆன் செய்து சேவ் செய்வது இரண்டு நிமிட வேலை. எக்ஸ்எம்பி (இன்டெலின் இதே மாதிரி ப்ரொஃபைல்) மட்டும் உள்ள கிட்டும் ஏஎம்5 (ரைசன் 7000க்கான சாக்கெட்) போர்டில் பெரும்பாலும் ஓடும். ப்ராசஸர் தடையாக இருக்கும் கேம்களில் 4800 சிஎல்40ஐ விட்டு 6000 சிஎல்30க்கு வந்தால் பத்து சதவீத அளவில் வித்தியாசம் தெரிவது சாதாரணம். செலவு ஒரு பைசா இல்லை.

அதற்குப் பின் முதல் முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும். போர்டு மெமரியை ட்ரெய்ன் செய்துகொண்டிருக்கிறது, அதாவது ராமோடு பேசச் சரியான அளவுகளைத் தேடுகிறது. இந்த நேரத்தில் பதறிப்போய்ப் பவரை அணைத்து அணைத்துப் போடுபவர்கள்தான் "எக்ஸ்போ போட்டால் பூட் ஆகவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். பத்து நிமிடமாவது பொறுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் க்ளியர் சிமோஸ், அதாவது பயாஸ் செட்டிங்கைப் பழையபடி ஆக்குவது.

ஒவ்வொரு முறையும் இந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை (முந்தைய ட்ரெய்னிங்கையே மறுபடி பயன்படுத்தும் செட்டிங்) ஆன் செய்வது வழக்கம். அப்படிச் செய்தால் பவர் டவுன் எனேபிள் என்ற செட்டிங்கும் ஆனில் இருக்கட்டும். முதலாவதை ஆனிலும் இரண்டாவதை ஆஃபிலும் வைத்தால், நன்றாக இருந்த மெஷின் நாள் கழித்து நீலத் திரை காட்ட ஆரம்பிக்கும். ராமையும் விண்டோஸையும் சந்தேகித்து நேரம் போகும்.

எக்ஸ்போ போடுவதற்கு முன் பயாஸ் அப்டேட் அவசியம். இதில் சமரசம் கூடாது. 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிய செய்திகள் வந்தன. எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) அளவுக்கு மேல் ஏற்றின. அதற்குப் பின் வந்த பயாஸ்களில் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டியது. 6000க்கு 1.3 தேவையே இல்லை. பெரும்பாலான 7600கள் 1.15 முதல் 1.25க்குள் நிம்மதியாக ஓடும். ஆட்டோவில் விடாமல் 1.2 என்று கையால் போட்டு, நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

6000 மட்டும் ஏன் இப்படி எல்லோரும் சொல்லும் எண்ணாக இருக்கிறது? ரைசனில் மெமரி கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில், ஒன்றுக்கு ஒன்று என்று ஓடும்போதுதான் தாமதம் குறைவு. பெரும்பாலான சில்லுகளில் இந்த ஜோடி 6000 வரை தொல்லையில்லாமல் வரும். 6400 சிலவற்றில் வரும், சிலவற்றில் வராது. அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். ஸென்டைமிங்ஸ் என்ற சிறு டூலைத் திறந்து எம்சிஎல்கே (ராமின் கிளாக்), யுசிஎல்கே (கன்ட்ரோலரின் கிளாக்) இரண்டும் 3000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். யுசிஎல்கே 1500 என்றால் போர்டு சத்தமில்லாமல் ஒன்றுக்குப் பாதி முறைக்கு மாற்றியிருக்கிறது. பயாஸில் யுசிஎல்கே ஈக்வல்ஸ் எம்சிஎல்கே என்று கையால் கொடுக்க வேண்டும்.

உள் டைமிங்: இலவசமாகக் கிடைக்கும் மிச்சம்

கிட்டின் மேல் 30-36-36-76 என்று நான்கு எண் அச்சடித்திருக்கும். எக்ஸ்போ முக்கியமாகக் கவனித்துக்கொள்வது அவற்றைத்தான். அவற்றுக்குக் கீழே இருபது, முப்பது எண்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் போர்டு தன் இஷ்டத்துக்கு, எந்த மட்டமான சிப்பிலும் ஓடும்படித் தளர்வாக வைக்கிறது. சிஎல்30ஐ 28 ஆக்க வோல்டேஜ் ஏற்றிப் போராடுவதைவிட, இந்தக் கீழ் எண்களில் கை வைத்தால் கூடுதல் பலன் வரும்.

இவற்றில் தலையானவை இரண்டு: டிஆர்எஃப்சி, டிஆர்இஎஃப்ஐ. ராம் செல் ஒவ்வொன்றும் நுண்ணிய கெப்பாசிட்டர். சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். அதற்குத்தான் ரிஃப்ரெஷ். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் என்பது டிஆர்இஎஃப்ஐ. ஒவ்வொரு ரிஃப்ரெஷும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது டிஆர்எஃப்சி. ரிஃப்ரெஷ் நடக்கும்போது ப்ராசஸர் கேட்டால் ராம் பதில் சொல்லாது, முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

16 ஜிகாபிட் சிப்புக்கு ஜெடெக் கணக்கு: 3.9 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 295 நானோ செகண்ட். அதாவது நேரத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ராம் கடையை மூடி வைத்திருக்கிறது. 6000ல் கிளாக் கணக்கில் இது டிஆர்இஎஃப்ஐ 11,700, டிஆர்எஃப்சி 885 வாக்கில் வரும். ஸென்டைமிங்ஸில் இதை ஒட்டிய எண்கள்தான் பெரும்பாலும் தெரியும். டிஆர்இஎஃப்ஐயை 50,000 ஆக்கி, டிஆர்எஃப்சியை 500 ஆக்கினால், 16.7 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை 167 நானோ செகண்ட் என்று ஆகும். மூடியிருக்கும் நேரம் 1 சதவீதம். இரண்டே எண்களை மாற்றி இவ்வளவு கிடைக்கும் இடம் ராமில் வேறு கிடையாது.

எவ்வளவு இறக்கலாம் என்பது சிப்பைப் பொறுத்தது. 6000 சிஎல்30 என்று விற்கும் கிட்டுகள் பெரும்பாலும் எஸ்கே ஹைனிக்ஸ் சிப் போட்டவை. சிபியு-இசட்டின் எஸ்பிடி பக்கத்தில் டிராம் தயாரிப்பாளர் பெயர் இருக்கும், உறுதி செய்துகொள்ளுங்கள். ஹைனிக்ஸ் சிப்பில் இரண்டு வகை: எம்-டையில் டிஆர்எஃப்சி 480, 500 வரை வரும். ஏ-டை 400க்கும் கீழே போகும். எது என்று தெரியாவிட்டால் 500ல் நிறுத்துவது இரண்டுக்கும் பொருந்தும். சாம்சங், மைக்ரான் சிப் என்றால் 500 என்று நேரடியாகப் போட்டால் பூட்டே ஆகாமல் போகலாம். 800லிருந்து ஐம்பது ஐம்பதாக இறக்கிப் பார்க்க வேண்டும். டிஆர்எஃப்சி சிப்பின் குணம். வோல்டேஜ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று நம்பி ஏற்றாதீர்கள்.

டிஆர்இஎஃப்ஐக்கு எதிரி வெப்பம். சிப் சூடானால் சார்ஜ் வேகமாகக் கசியும், நீண்ட இடைவெளியைத் தாங்காது. ஏசி இல்லாத அறையில் சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் மதியம் கேம் ஆடுபவர், 18 டிகிரி அறையில் யாரோ போட்டுக் காட்டிய 65,535 என்ற உச்ச எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்பமானி இருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவில் எஸ்பிடி ஹப் டெம்பரேச்சர் என்று வரும். கேமில் 50 டிகிரியைத் தாண்டினால் டிஆர்இஎஃப்ஐயை 32,000 பக்கம் வைப்பது பத்திரம். அப்போதும் மூடியிருக்கும் நேரம் 1.6 சதவீதம்தான், இழப்பு அற்பம். கிராபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று மேலெழுந்து நேராக ராம் மேல்தான் அடிக்கும். கேஸின் மேல்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் வைத்தாலே சில டிகிரி இறங்கும்.

அடுத்த வட்டம் கொஞ்சம் சுலபம். டிஆர்ஆர்டிஎஸ் 8, டிஆர்ஆர்டிஎல் 12, டிஎஃப்ஏடபிள்யூ 32. இந்த மூன்றும் ஹைனிக்ஸில் சண்டை போடாது. டிஎஃப்ஏடபிள்யூவை 32க்குக் கீழே இறக்கிப் பலனில்லை. நான்கு ஆக்டிவேட்டுக்கு (ராமில் ஒரு வரிசையைத் திறப்பது) ஆகும் நேரம் அது, ஒவ்வொன்றுக்கும் 8 என்றால் நான்குக்கு 32. டிடபிள்யூஆர் 48, டிஆர்டிபி 12. இவை இரண்டும் டிடிஆர்5 அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்கள். டிடபிள்யூஆர் ஆறு ஆறாகத்தான் நகரும் என்பதால் 48 எடுக்கவில்லையென்றால் 54 கொடுங்கள், 50 கொடுக்காதீர்கள். டிடபிள்யூடிஆர்எஸ் 6, டிடபிள்யூடிஆர்எல் 24ல் தொடங்கி, எல்லாம் சரியாக இருந்தால் 4, 16 வரை இறக்கலாம். கியர் டவுன் மோட் என்ற செட்டிங் ஆனிலேயே இருக்கட்டும். ஆஃப் செய்து கிடைக்கும் துளி வேகத்துக்கு வரும் தலைவலி அதிகம்.

வோல்டேஜ்: ராமுக்குப் போகும் விடிடி, விடிடிக்யூ இரண்டும் எக்ஸ்போ கொடுப்பதே, 1.35 அல்லது 1.40. மேலே சொன்ன மாற்றங்கள் எதற்கும் அதைத் தொடத் தேவையில்லை. இந்த வழியை நாம் பரிந்துரைக்க இது ஒரு முக்கியக் காரணம்.

வரிசை முக்கியம். முதலில் எக்ஸ்போ மட்டும் போட்டுச் சோதனை. அது தேறிய பின் டிஆர்எஃப்சி. பிறகு டிஆர்இஎஃப்ஐ. பிறகு மற்றவை, ஒரு தடவைக்கு ஒரு குழு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எரர் வந்தால், எந்த எண் காரணம் என்று கண்டுபிடிக்க முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சோதனை என்றால் கேம் ஒரு மணி நேரம் கிராஷ் ஆகாமல் ஓடியது என்பது இல்லை. டெஸ்ட்மெம்5 டூலை ஆப்சல்யூட் கான்ஃபிகில் முழுசாக ஓட விடுங்கள், அல்லது காசு கொடுத்து வாங்கும் கார்ஹு என்ற டூல். கூடவே ஒய்-க்ரஞ்சர் டூலின் விடி3 சோதனை, இது மெமரி கன்ட்ரோலரை நன்றாக வாட்டும். எரர் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. தொடங்கிய சில நிமிடத்தில் வந்தால் ஏதோ ஒரு டைமிங் அளவு மீறி இறுகியிருக்கிறது. முக்கால் மணி நேரம் சுத்தமாக ஓடிவிட்டு, ஸ்டிக் சூடேறிய பின் வந்தால் முதல் சந்தேகம் டிஆர்இஎஃப்ஐ மேல். ஒரே ஒரு எரர்தானே என்று விடக் கூடாது. டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் ஆன்-டை ஈசிசி (பிழை திருத்தும் அமைப்பு) ஒற்றை பிட் தவறுகளைத் தானே திருத்தி மறைத்துவிடும். அதையும் மீறி வெளியே தெரிந்த ஒரு எரருக்கு உள்ளே நிறைய நடந்திருக்கலாம்.

சோதனை தேறும் வரை விண்டோஸ் அப்டேட், பெரிய கேம் இன்ஸ்டால், முக்கியமான ஃபைல் காப்பி எதுவும் வேண்டாம். தடுமாறும் ராம் வழியாகப் போகும் டேட்டா கெட்டுப்போய் எஸ்எஸ்டியில் எழுதப்படும். பிறகு டைமிங்கைச் சரி செய்தாலும் அந்த ஃபைல் கெட்டதுதான்.

இதற்கெல்லாம் பலன் என்ன? எய்டா64 டூல் காட்டும் லேட்டன்சி (ராமிலிருந்து டேட்டா வர ஆகும் மொத்த நேரம்) 70 நானோ செகண்ட் வாக்கில் இருந்தது 60களின் தொடக்கத்துக்கு வரும். ப்ராசஸர் தடையாக உள்ள கேம்களில் எக்ஸ்போவுக்கு மேல் சில சதவீதம் கிடைக்கும், 1 சதவீத லோவில் கொஞ்சம் கூடவே தெரியும். ஃபேக்டோரியோ போல மெமரியைத் தொடர்ந்து துழாவும் கேம்களில் நன்றாகவே உணரலாம். கார்டு தடையாக உள்ள 1440பி அல்ட்ராவில் எதுவும் மாறாது.

வேகமான கிட்

8000 கிட்டின் பெட்டியைப் பார்த்தால் ஆசை வரும். 7600க்கு அது ஏன் உதவாது என்பதற்குக் காரணம் ராமில் இல்லை, ப்ராசஸருக்கு உள்ளே இருக்கிறது. ஒரே சிசிடி (கோர்கள் இருக்கும் சில்லு) கொண்ட 7600 போன்ற ரைசன்களில் கோர்களுக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவே இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்பு ஒரு கிளாக்குக்கு 32 பைட்தான் படித்துத் தரும். அது 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் வினாடிக்கு 64 ஜிபி. இரட்டைச் சேனல் 6000 கிட் ஏற்கெனவே 96 ஜிபி கொடுக்கத் தயாராக நிற்கிறது. 8000 கிட் 128 ஜிபி கொண்டுவந்தாலும் வாசலின் அகலம் அதேதான். அதோடு கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்குவதால், 8000ல் கிடைக்கும் கொஞ்சத் தாமதக் குறைவையும் அது தின்றுவிடும். நன்றாக டியூன் செய்த 6000ஐ அது தெளிவாக ஜெயிப்பதில்லை. அதற்குத் தகுந்த போர்டும் வேறு வேண்டும். நான்கு ஸ்லாட் பி650 பலவற்றில் 8000 நிலையாக நிற்காது.

சிஎல்36 கிட்டை விற்றுச் சிஎல்30 வாங்குவதும் இதே கதை. 2 நானோ செகண்ட் வித்தியாசம் உண்மைதான். ஆனால் இருக்கிற கிட்டில் டிஆர்எஃப்சி, டிஆர்இஎஃப்ஐயைச் சரி செய்தால் கிடைப்பது அதற்குக் குறைந்ததில்லை. 2025 கடைசி மாதங்களில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் டிடிஆர்5 விலை கடுமையாக ஏறிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகிவிட்டது.

புதுசு வாங்குவது சரி என்று சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு: இரண்டு 8 ஜிபி ஸ்டிக் வைத்திருப்பவர்கள். 16 ஜிபி இன்றைய கேம்களுக்கு நெருக்கடி என்பது ஒரு பக்கம். டிடிஆர்5 8 ஜிபி ஸ்டிக்கில் அகலமான சிப் நான்கே இருக்கும். பேங்க் குரூப் (சிப்புக்குள் மாறி மாறி வேலை செய்யும் பகுதிகள்) எட்டுக்குப் பதில் நான்கு, டிஎஃப்ஏடபிள்யூவும் 40. எவ்வளவு டியூன் செய்தாலும் 16 ஜிபி ஸ்டிக்கை எட்டாது. அவர்கள் இரண்டு 16 ஜிபிக்கு மாறுவது நியாயமான செலவு.

ஆனால் இருக்கிற இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்து நான்காக்க வேண்டாம். 7000 வரிசைக்கு ஏஎம்டி நான்கு ஸ்டிக்கில் அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம் 3600. அதற்கு மேல் ஓடினால் அது அதிர்ஷ்டம். 32 போதாதவர்கள் இரண்டு 32 ஆக வாங்குவதே வழி.

வேறு ப்ராசஸர் வைத்திருப்பவர்கள்

7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி என்றால் 96 எம்பி எல்3 கேஷ் பெரும்பாலான கேட்புகளை ராமுக்கே விடாது. எக்ஸ்போ போட்டு, விருப்பமிருந்தால் டிஆர்இஎஃப்ஐ மட்டும் ஏற்றிவிட்டு விடுங்கள்.

பழைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 வைத்திருப்பவருக்கு 3200 சிஎல்16 கிட்டை 3600 சிஎல்18க்கு ஏற்றுவது நல்ல மாற்றம். காத்திருப்பு அதே 10 நானோ செகண்ட், ஆனால் ஃபேப்ரிக் 1600லிருந்து 1800க்குப் போகிறது. அங்கே டிஆர்இஎஃப்ஐயில் கை வைக்க வழியில்லை, டிஆர்எஃப்சி மட்டும்தான். இன்டெலில் எச்610 போர்டு என்றால் ராம் ஓவர்கிளாக் கிடையாது, பி660 அல்லது பி760 வேண்டும். 12400 போன்ற கே இல்லாத சிப்களில் எஸ்ஏ வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலருக்கான வோல்டேஜ்) பூட்டியிருப்பதால் டிடிஆர்4ஐ கியர் 1ல் (கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில் ஓடும் முறை) 3600க்கு மேல் தள்ள முயல வேண்டாம்.

எல்லாம் தேறிய பின் பயாஸில் ப்ரொஃபைலாகச் சேமிப்பதோடு, டைமிங் பக்கங்கள் ஒவ்வொன்றையும் ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் செட்டிங் அத்தனையும் அழியும். பழைய பதிப்பில் சேமித்த ப்ரொஃபைலைப் புதிய பதிப்பு பல நேரம் ஏற்காது. மறுபடி கையால் போடும்போதும் சோதனையை ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். புதிய பயாஸ் வோல்டேஜையும் ட்ரெய்னிங் முறையையும் மாற்றியிருந்தால், போன மாதம் நின்ற அதே எண்கள் இந்த மாதம் எரர் காட்டக்கூடும்.